சிபி குழந்தையோட வராத கையைப் பழக்கறது எப்படி: சிஐஎம்டி வீட்டுல ஆரம்பிக்கறவங்களுக்கு

சிபின்னா செரிப்ரல் பால்சி, மூளையில வந்த பாதிப்பால குழந்தையோட உடம்பு அசைவு சரியா வராமப் போறது. சிஐஎம்டின்னா கன்ஸ்ட்ரெயின்ட் இண்ட்யூஸ்ட் மூவ்மென்ட் தெரபி, நல்ல கையைக் கொஞ்ச நேரம் தடுத்து வச்சு வராத கையைப் பழக்கற பயிற்சி. நல்ல கையைக் கட்டிப் போட்டா வராத கை தானா வேலை செய்ய ஆரம்பிச்சிடும், இதுதான் சிஐஎம்டின்னு நிறைய பேரு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. எங்கயோ ஒரு வீடியோ பாத்துட்டு துப்பட்டாவால குழந்தை கையை உடம்போட சேத்துக் கட்டி, அது கத்தறதைப் பாத்து அம்மாவும் அழுது, ரெண்டே நாள்ல விட்டுட்டு "அதெல்லாம் எங்க பையனுக்கு ஒத்து வரலை"ன்னு வந்து சொல்லுவாங்க. நான் ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கற சிகிச்சை பண்றவ, இதை வாரா வாரம் கேக்கறேன். கட்டறது இதுல ரொம்பச் சின்னப் பங்குங்க. நல்ல கை சும்மா இருக்கற அந்த நேரத்துல இன்னொரு கைக்கு என்ன வேலை குடுக்கறோம், எந்த அளவுல குடுக்கறோம், அதுலதான் எல்லாமே இருக்கு.

முதல்ல இது எங்கருந்து வந்துச்சுன்னு சுருக்கமா. அமெரிக்காவுல அலபாமா பல்கலைக்கழகத்துல, பர்மிங்ஹாம்ல, எட்வர்ட் டாப்னு ஒரு ஆராய்ச்சியாளர். அவர் ஆரம்பத்துல குரங்குகளை வச்சு ஆராய்ச்சி பண்ணவர். ஒரு கையிலருந்து மூளைக்கு உணர்ச்சி கொண்டு போற நரம்பை மட்டும் வெட்டிட்டா, அசைக்கற நரம்பு நல்லா இருந்தும் குரங்கு அந்தக் கையைத் தொங்க விட்டுடுது, இன்னொரு கையாலயே பொழைச்சுக்குது. ஆனா நல்ல கையை அசைய விடாம வச்சுட்டா, செத்துப் போச்சுன்னு நினைச்ச கையை எடுத்து உபயோகிக்குது. அப்ப கைக்கு முடியாமப் போனது பாதிதான், "இதை எடுத்து பிரயோஜனம் இல்லை"ன்னு பழகிப் போனது மீதின்னு அவர் புரிஞ்சுக்கிட்டார். பக்கவாதம் வந்த பெரியவங்களுக்கு இதைப் பண்ணிப் பாத்தாங்க, 2006ல 222 பேரை வச்சு எக்சைட்னு ஒரு பெரிய ஆய்வே வந்துச்சு. குழந்தைகள்ல டாப்பும் ஷாரன் ரேமி, ஸ்டெஃபனி டிலூக்கா இவங்களும் சேந்து 2004ல வெளியிட்டது 18 குழந்தைகளை வச்சு. நல்ல கைக்கு மாவுக்கட்டு மாதிரி காஸ்ட் போட்டு, ஒரு நாளைக்கு 6 மணி நேரம், தொடர்ந்து 21 நாள். கேக்கவே பயமா இருக்குல்ல? அதே சமயத்துல ஸ்வீடன்ல ஆன் கிறிஸ்டின் எலியாசன் குழு அதை நல்லா இளக்கி, காஸ்டுக்குப் பதிலா ஒரு கையுறை, ஒரு நாளைக்கு 2 மணி நேரம், 2 மாசம்னு கொண்டு வந்தாங்க. நம்ம வீட்டுல பண்ணப் போறது இந்த இளக்கின வகைக்குத்தான் கிட்ட வரும்.

இதுல பெரியவங்களுக்கும் குழந்தைக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு, அதை மறந்துட்டா எல்லாமே தப்பாப் போயிடும். பக்கவாதம் வந்த தாத்தாவுக்கு அந்தக் கையால முன்னாடி சட்டை பட்டன் போட்ட ஞாபகம் இருக்கு. சிபி குழந்தைக்கு அந்தக் கையால எதுவுமே பண்ணின அனுபவம் கிடையாது, அந்தக் கை எதுக்குன்னே அதுக்குத் தெரியாது. அதனால நல்ல கையை மூடிட்டா மட்டும் பத்தாது, இந்தக் கைக்கு ஒவ்வொண்ணாக் கத்துக் குடுத்தாகணும்.

படி 1: நம்ம குழந்தைக்கு இது சரிவருமா?

இது முக்கியமா ஹெமிப்ளீஜியா, அதாவது உடம்போட ஒரு பக்கம் மட்டும் பாதிச்ச சிபி குழந்தைகளுக்கானது. ரெண்டு கையுமே டைட்டா இருக்கற குழந்தைக்கு இதைப் பண்ணாதீங்க, ஓரளவு வேலை செய்யற கையையும் மூடிட்டா அது என்னதான் பண்ணும்?

வராத கை கொஞ்சமாவது அசையணும். தோளைத் தூக்கி எட்ட முயற்சி பண்ணணும், விரலை லேசாவாவது மடக்கவோ திறக்கவோ வரணும், முழுசா வரணும்னு அவசியமில்லை. மூட்டு இறுகி எலும்பு மாதிரி நின்னுட்ட கை, அடிக்கடி ஃபிட்ஸ் வந்துக்கிட்டு கட்டுப்பாட்டுக்குள்ள வராத குழந்தை, சமீபத்துல கையில ஆபரேஷன் ஆன குழந்தை, இவங்களுக்கெல்லாம் டாக்டர் சொல்லாம ஆரம்பிக்கவே கூடாது. நடக்கும்போது பேலன்ஸ் தடுமாறற குழந்தையா இருந்தா உக்காந்து மட்டும்தான் பண்ணணும்.

ஒரு வயசுக்குக் கீழ இருக்கற பாப்பாவா? அதுக்கும் இருக்கு, பேபி சிஐஎம்டின்னு சொல்லுவாங்க, ஒரு நாளைக்கு வெறும் அரை மணி நேரம்தான். அந்த வயசுல நல்ல கையும் இன்னும் கத்துக்கிட்டுதான் இருக்கு, அதனால தெரபிஸ்ட் கூட இருந்து காட்டிக் குடுக்காம நீங்களா கையை வைக்காதீங்க. இன்னொண்ணும் இங்கயே சொல்லிடறேன், பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் சொல்லுங்க. ஒரு வயசுக்கு முன்னாடியே பாப்பா ஒரே கையால மட்டும் எல்லாத்தையும் எடுத்துட்டு இன்னொரு கையை மூடியே வச்சிருந்தா, "இடது கைக்காரி போல, தாத்தா மாதிரி"ன்னு சந்தோஷப்பட்டுட்டு விட்டுடாதீங்க. அந்த வயசுல கை வழக்கம் பிரியக் கூடாது. குழந்தை டாக்டர்கிட்ட காட்டுங்க.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கையைப் பாத்தாகணும். தமிழ்நாட்டுல இருக்கறவங்க அரசு மருத்துவமனைகள்ல குழந்தைகளோட வளர்ச்சிக் குறையை ஆரம்பத்துலயே பாக்கற டிஇஐசி மையத்துல கேக்கலாம், சென்னைப் பக்கம்னா முட்டுக்காட்டுல இருக்கற மத்திய அரசோட மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் நிப்மெட், வித்யாசாகர், தென்காசிப் பக்கம்னா ஆய்க்குடி அமர் சேவா சங்கம். போகும்போது "சிஐஎம்டி பண்ணலாமா, வீட்டு ப்ரோக்ராம் எழுதிக் குடுப்பீங்களா"ன்னு நேரடியாவே கேளுங்க. கேக்கலைன்னா பாதி இடத்துல கையை நீட்டி மடக்கற எக்சர்சைஸ் மட்டும் காட்டி அனுப்பிடுவாங்க. நாம கையைப் பிடிச்சு நீட்டறதாலயோ எண்ணெய் தேச்சு உருவறதாலயோ குழந்தை அந்தக் கையை உபயோகிக்கக் கத்துக்காது. தேச்சு விட்டா குழந்தைக்கு சுகமா இருக்கும், பாட்டிக்கும் திருப்தி, செய்யுங்க, ஆனா அதைத் தெரபி கணக்குல சேக்காதீங்க.

படி 2: வீடியோவும் குறிக்கோளும்

கையுறை வாங்கறதுக்கு முன்னாடி போனை எடுங்க. குழந்தை ரெண்டு கையும் தேவைப்படற ஏதாவது ஒண்ணு பண்றதை வீடியோ எடுத்து வைங்க, பிஸ்கட் பாக்கெட் பிரிக்கறது, டப்பா மூடி திறக்கறது, டிரவுசர் மேல இழுக்கறது, எதுவா இருந்தாலும் சரி. தேதியோட சேமிச்சு வைங்க. தெரபிஸ்ட்டுங்க ஏஹெச்ஏன்னு ஒரு டெஸ்ட் பண்ணுவாங்க, அதுவும் குழந்தை விளையாடறதை வீடியோ எடுத்து வராத கை எவ்வளவு ஒத்தாசை பண்ணுதுன்னு மார்க் போடறதுதான். நம்ம வீடியோ அந்த அளவுக்கு இல்லைன்னாலும் 2 மாசம் கழிச்சு "ஒண்ணும் மாறலையே"ன்னு தோணும்போது கை குடுக்கும்.

குறிக்கோள் ரெண்டு மூணு போதும். "கை நல்லாகணும்" குறிக்கோள் இல்லை. "பென்சில் சீவும்போது ஷார்ப்னரை இடது கையால பிடிக்கணும்", இது குறிக்கோள். அஞ்சு வயசுக்கு மேல இருந்தா குழந்தைகிட்டயே கேளுங்க, அம்மா ஷர்ட் பட்டன்னு சொல்லுவாங்க, பையன் சைக்கிள் ஹேண்டில்பார்னு சொல்லுவான், பையன் சொல்றதைத்தான் எழுதணும், ஏன்னா வேர்வை விட்டுப் பண்ணப் போறது அவன்.

படி 3: எவ்வளவு நேரம்

ஆராய்ச்சிகளைப் பாத்தா கை பொதுவா முன்னேறணும்னா மொத்தமா 30லருந்து 40 மணி நேரத்துக்கு மேல பயிற்சி வேணும்னு சொல்றாங்க. அதை எப்படிப் பிரிக்கறதுங்கறது உங்க வீட்டு நிலவரம். ஒரு நாளைக்கு 1 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள், 8 வாரம்னா 40 மணி நேரம் வந்துடும். அந்த 1 மணி நேரத்தையும் ஒரே மூச்சுல பண்ணாதீங்க, ஸ்கூல் விட்டு வந்து ஏதாவது தின்ன பிறகு அரை மணி, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி அரை மணின்னு பிரிச்சுக்கோங்க. கோடை லீவு இதுக்கு நல்ல காலம், 2 மணி நேரம் கூட முடியும். பரீட்சை, கல்யாணம், ஊர்த் திருவிழா வர்ற மாசத்துல ஆரம்பிக்காதீங்க.

கேலண்டர்ல எத்தனை நிமிஷம்னு தினமும் எழுதுங்க. கையுறை போட்டிருந்த நேரத்தை எழுத வேண்டாம், கை வேலை செஞ்ச நேரத்தை மட்டும். கையுறை மாட்டிட்டு டிவி முன்னாடி உக்காந்திருந்தது கணக்கே இல்லை.

படி 4: நல்ல கைக்கு உறை

காஸ்ட், ஸ்லிங் (கழுத்துலருந்து கையைத் தொங்க விடற துணி), ஸ்ப்ளின்ட் (கையை அசையாம வைக்கற பட்டை), கையுறை எல்லாமே உபயோகிக்கறாங்க. வீட்டுக்குக் கையுறைதான் என் சிபாரிசு. நம்ம ஊர் வெயிலுக்கு காஸ்டுக்குள்ள வேர்த்து அரிச்சு குழந்தை ஒரு வழியாயிடும், அதோட கழட்டவும் முடியாது. ஸ்லிங் போட்டா கை உடம்போட மாட்டிக்கும், விழுந்தா ஊன்ற முடியாது. அதனால நல்ல காட்டன் துணியில, விரல் பிரியாத உறை ஒண்ணு, பைமாதிரி தைச்சுக்கோங்க. உள்ளங்கைப் பக்கம் கொஞ்சம் விறைப்பா, விரலை மடக்கிப் பொருளைப் பிடிக்க முடியாத அளவுக்கு இருக்கணும். மணிக்கட்டுல வெல்க்ரோ, கயிறு முடிச்சு வேண்டவே வேண்டாம். பிடிக்கறதைத்தான் தடுக்கறோம், ஊன்றதையும் பேலன்ஸுக்குத் தூக்கறதையும் தடுக்கலை.

மேல ரெண்டு கண்ணு, ஒரு வாய் தைச்சு பொம்மையாக்கிடுங்க. இந்தக் கை இப்ப புலி, புலி தூங்குது, நீ மட்டும் வேலை பாருன்னு கதை விடலாம். அஞ்சாறு வயசு வரைக்கும் இது நல்லாவே ஓடும். முதல் மூணு நாலு நாள் 10 நிமிஷம் மட்டும் போட்டுப் பழக்குங்க, நீங்களும் ஒண்ணு மாட்டிக்கோங்க, அண்ணனுக்கும் ஒண்ணு மாட்டி விடுங்க.

தூங்கும்போது, படிக்கட்டுல, பாத்ரூம்ல, அடுப்புக்கிட்ட, ரோட்டுல, ஓடி ஆடும்போது கண்டிப்பா கழட்டிடணும். கழட்டினதும் தோலைப் பாருங்க, சிவந்திருக்கா, கொப்புளமா, விரல் நுனி நிறம் மாறியிருக்கான்னு. தண்டனை மாதிரி "கையுறை மாட்டிடுவேன்"னு மிரட்டற வேலை மட்டும் வேண்டாம், அதைச் சொன்ன அன்னிக்கே இந்த ப்ரோக்ராம் முடிஞ்சுது.

படி 5: கைக்கு வேலை குடுக்கறது

மெயின் விஷயமே இதுதான், நிதானமாப் படிங்க. இதுக்கு ஷேப்பிங்னு பேரு. குழந்தைக்கு இப்ப வர்றதுலருந்து ஆரம்பிச்சு, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சமாக் கஷ்டமாக்கி, திரும்பத் திரும்பப் பண்ண வைக்கறது.

உண்டியல்ல காசு போடறதையே எடுத்துக்குவோம். எடுத்த எடுப்புல உண்டியலும் ஒரு ரூபாயும் வச்சா குழந்தை நாலு தடவை தவற விட்டுட்டு எந்திரிச்சுப் போயிடும். அதனால முதல்ல வாய் அகலமான ஹார்லிக்ஸ் டப்பா, பெரிய பாட்டில் மூடி. டப்பாவைக் குழந்தை மடிக்குப் பக்கத்துல தாழ்வா வைங்க. ஏன் தாழ்வா? இந்தக் குழந்தைகளுக்குப் பிடிக்கறதை விட விடறதுதான் கஷ்டம், விரல் திறக்காது. மணிக்கட்டு கீழ மடங்கியிருந்தா விரல் தானாக் கொஞ்சம் திறக்கும், உங்க கையிலயே பண்ணிப் பாருங்க தெரியும். அதனால தாழ்வா இருக்கற டப்பாவுல போடறது சுலபம். மூடியை நீங்களே கையில குடுத்து, போடறதை மட்டும் செய்யச் சொல்லுங்க.

அது வந்துருச்சா, அடுத்து மூடியை மேசையிலருந்து அதுவே எடுக்கணும். அப்புறம் டப்பாவைக் கொஞ்சம் தள்ளி வைங்க, முழங்கை நீளணும். அப்புறம் ரெண்டு புத்தகத்து மேல வைங்க, இப்ப மணிக்கட்டை நிமித்தி வச்சுக்கிட்டே விரலைத் திறந்தாகணும், இதுல கொஞ்ச நாள் நிக்கும், நிக்கட்டும். அப்புறம் மூடிக்குப் பதிலா 10 ரூபா காசு. கடைசியா உண்டியல் ஓட்டை. இதுல எந்த இடத்துலயும் உயரத்தையும் சைஸையும் ஒண்ணா மாத்தாதீங்க, எது கஷ்டமாச்சுன்னு உங்களுக்கே தெரியாமப் போயிடும்.

என் கணக்கு ஒண்ணு: பத்துல ஏழு எட்டு வந்துட்டா கஷ்டமாக்கலாம், பத்துல நாலு கூட வரலைன்னா ஒரு படி கீழ இறங்கணும். கையைப் பிடிச்சு நீங்களே செஞ்சு முடிச்சுடாதீங்க. தவிக்கறதைப் பாக்கச் சகிக்காதுதான், ஆனா பத்து செகண்ட் காத்திருங்க, அந்தப் பத்து செகண்ட்லதான் மூளை வழி தேடுது. பாராட்டும்போதும் "வெரி குட், சூப்பர்"னு பொத்தாம் பொதுவா வேண்டாம், "இந்தத் தடவை கட்டை விரலைத் திறந்துட்டே"ன்னு எது நடந்துச்சோ அதைச் சொல்லுங்க. குழந்தை காதுல "வராத கை"ன்னு விழ வேண்டாம், நான் இங்க உங்களுக்காக எழுதறேன், அங்க இடது கை, வலது கைன்னே சொல்லுங்க.

உண்டியல் மாதிரியே படிப்படியா ஏத்திக்கிட்டுப் போக வீட்டுலயே ஏகப்பட்டது இருக்கு. கண்ணாடில ஒட்டின ஸ்டிக்கர் பொட்டைப் பிச்சு எடுக்கறது, விரல் நுனிக்கு இதை விட நல்ல வேலை கடையில கிடைக்காது. பக்கெட்ல ஸ்பாஞ்ச் முக்கிப் பிழியறது, எவர்சில்வர் டம்ளர் அடுக்கித் தள்ளறது, சப்பாத்தி மாவைத் தட்டறது, பலூனைக் கீழ விழாமத் தட்டறது, பாம்பு ஏணில காய் நகத்தறது, ஸ்விட்ச் போடறது. பெரிய குழந்தைன்னா பல்லாங்குழி, சோழி அள்ளிக் குழியில ஒண்ணொண்ணா விட்டுக்கிட்டே போறது பிடிக்கவும் விடவும் சேந்த பயிற்சி, ஆனா வாயில போடற வயசுல வேண்டவே வேண்டாம்.

உள்ளங்கையை மேல பாத்துத் திருப்பறது இவங்களுக்கு ரொம்பவே கஷ்டம். விபூதி வாங்கற மாதிரி கையை நீட்டச் சொல்லி உள்ளங்கையில கொஞ்சம் பொரி வைங்க, கவுக்காம வாய்க்குக் கொண்டு போகச் சொல்லுங்க. சீட்டு திருப்பறதும் இதுல சேரும். கையுறை போட்ட நேரத்துல ரெண்டு கையும் வேணுங்கற வேலையைக் குடுத்துடாதீங்க, பாட்டில் மூடி திருகற மாதிரி. ஒத்தக் கையால முடியறது மட்டும்.

இடது பக்கம் பாதிச்ச குழந்தையா இருந்தா நம்ம வீடுகள்ல ஒரு தனிச் சிக்கல் வரும். தெரபிக்காக இடது கையால குடு, இடது கையால எடுன்னு நாம சொல்லிக்கிட்டு இருப்போம், பாட்டி வந்து "பீச்சாங்கையால குடுக்காதே"ன்னு ஒரு அதட்டல் போடுவாங்க. குழந்தை குழம்பிடும், அந்தக் கையை மறுபடி பின்னாடி ஒளிச்சுக்கும். வீட்டுல எல்லாரையும் உக்கார வச்சு, கையுறை நேரத்துல இடது கையால வாங்கிக்கணும், சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கணும்னு முன்கூட்டியே பேசிடுங்க. பாட்டியையே விளையாட்டுல சேத்துட்டா இன்னும் நல்லது, சோழி விளையாட அவங்களை விட்டா யாரு? வலது பக்கம் பாதிச்ச குழந்தைக்கு சிக்கல் வேற, "சோத்துக் கையால சாப்பிடு"ன்னு சாப்பாட்டு நேரம் பூரா அதட்டிக்கிட்டே இருப்பாங்க. முறுக்கு, ரஸ்க், இட்லித் துண்டு இதையெல்லாம் பயிற்சி நேரத்துல வலது கையால சாப்பிடட்டும், முழுச் சாப்பாட்டை அதுக்கு எது வசதியோ அந்தக் கையால சாப்பிட விட்டுடுங்க. பசியோட இருக்கற குழந்தைகிட்ட தெரபி பண்ணாதீங்க.

படி 6: ரெண்டு கையும் சேரணும்

இதைத்தான் நிறைய பேரு விட்டுடறாங்க. ஹெமிப்ளீஜியா குழந்தைக்கு ஒரு கை எப்பவும் முந்தித்தான் இருக்கும், இன்னொரு கை ஒத்தாசைக்கு வரும். நமக்கு வேணுங்கறது அந்த ஒத்தாசைதான். அதுக்கு ரெண்டு கையும் சேந்து பழகணும், கையுறையோட அது நடக்காது. கொலம்பியா பல்கலைக்கழகத்துல ஆண்ட்ரூ கோர்டனும் ஜீன் சார்ல்ஸும் ஹேபிட்னு ஒரு முறையே கொண்டு வந்தாங்க, அதுல எதையும் கட்டறதே இல்லை, ரெண்டு கையும் வேணுங்கற விளையாட்டை மட்டும் மணிக்கணக்குல குடுக்கறது. 2011ல ரெண்டையும் 90 மணி நேரம் வச்சு ஒப்பிட்டுப் பாத்தாங்க, ரெண்டு குழுவுமே ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறுச்சு. அதனால உங்க குழந்தை கையுறையைப் பாத்தாலே மிரளுதுன்னா மனசு விட வேண்டாம், தெரபிஸ்ட்கிட்ட சொல்லி நேரா இந்த ரெண்டு கை பயிற்சிக்குப் போயிடலாம்.

கையுறையோட பண்றவங்க கடைசி ரெண்டு வாரம் தினமும் பாதி நேரத்தை இதுக்கு ஒதுக்குங்க. பட்டாணி உரிக்கறது, பேப்பர் கிழிச்சு ஒட்டறது, பாசி கோக்கறது, பெரிய பந்து பிடிக்கறது, டிபன் பாக்ஸ் திறக்கறது. அப்ப வராத கைக்கு என்ன வேலைன்னு நீங்க முன்னாடியே முடிவு பண்ணணும், "இடது கை டப்பாவைப் பிடிக்கும், வலது கை திருகும்". சொல்லாம விட்டா குழந்தை டப்பாவை முட்டிக்கு நடுவுல சொருகிட்டு ஒத்தக் கையாலயே திறந்துடும், அவ்வளவு சாமர்த்தியம் அதுங்களுக்கு.

படி 7: எப்ப நிறுத்தணும், எப்ப மறுபடி

தோல்ல புண்ணு, தோள்லயோ கையிலயோ வலி, ஃபிட்ஸ் கூடுது, தூக்கம் கெடுது, கையுறையைப் பாத்தாலே ஓடி ஒளியுது, இதுல எது வந்தாலும் அன்னிக்கே நிறுத்திட்டு தெரபிஸ்ட்டைக் கூப்பிடுங்க. சும்மா சிணுங்கறது வேற, அது வேலை கஷ்டமா இருக்குன்னு சொல்றது, ஒரு படி இறங்கினாப் போயிடும்.

8 வாரம் முடிஞ்சதும் அதே பிஸ்கட் பாக்கெட், அதே இடம், அதே மாதிரி வீடியோ எடுங்க. பழசோட பக்கத்துல வச்சுப் பாருங்க. பாக்கெட்டைப் பிரிச்சுதாங்கறதை மட்டும் பாக்காதீங்க, வராத கை நாம சொல்லாமலே எத்தனை தடவை முன்னாடி வந்துச்சுன்னு எண்ணுங்க. கை முழுசா மத்த கை மாதிரி ஆயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, டைட்னஸ் இதால போகாது, மூளையில இருக்கற பாதிப்பும் மாறாது. மாறறது கையை எடுக்கற பழக்கமும் அதுக்குள்ள இருக்கற திறமையும்.

கையுறை முடிஞ்சாலும் தினமும் ரெண்டு வேலையை அந்தக் கைக்குன்னே ஒதுக்கிடுங்க, லைட் ஸ்விட்ச், செருப்பு எடுத்து வைக்கறது மாதிரி. சில மாசம் கழிச்சு இன்னொரு ரவுண்டு பண்ணலாம். போடோக்ஸ் ஊசி போடப் போறாங்கன்னா அந்த டாக்டர்கிட்டயும் தெரபிஸ்ட்கிட்டயும் சேத்துப் பேசுங்க, ஊசி போட்டு கை தளர்ந்திருக்கற அந்த ரெண்டு மூணு மாசத்துல பயிற்சி வச்சுக்கிட்டா நல்லது. போகும்போது ரெண்டு வீடியோவையும் நிமிஷம் எழுதின கேலண்டரையும் கையோட எடுத்துட்டுப் போங்க, அடுத்த குறிக்கோள் என்னன்னு அங்கயே குழந்தையை வச்சே எழுதி வாங்கிக்கோங்க.